ரோஸ் ரிப்பன் கட்டிய டின்

அம்மா வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பிய பெரியவள் வாசலில் பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு வருஷக்கணக்காகத் தூங்கிய பழைய ஸ்கூட்டர் வாசலில் அக்கக்காகப் பிரிந்து கிடந்தது. அதன் முன்னால் அவள் கணவன் மண்டி போட்டிருந்தான். பக்கத்தில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள் ஓரகத்தி.

சின்னவள், கணவனின் தம்பி பெண்டாட்டி. தம்பி கப்பல் வேலைக்குப் போயிருக்கிறான், இப்போதைக்குத் திரும்புகிற மாதிரி இல்லை. சின்னவளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். நடையாக நடந்து முடிகிற காரியம் இல்லை. அதற்குத்தான் ஸ்கூட்டர்.

காரணம் நியாயமானதுதான். நியாயமாக இருந்ததுதான் பெரியவளுக்குப் பொறுக்கவில்லை. எங்காவது ஒரு கோணல் இருந்தால் ஒரு சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொள்ளலாம். இதில் அதற்கும் வழியில்லை.

அவளும் கேட்டவள்தான். வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். துணிக்கடைக்கும் வாடிக்கைக்காரர் வீடுகளுக்கும் நடந்து நடந்து செருப்புத் தேய்கிறது, அந்த வண்டியைச் சரி பண்ணிக் கொடுங்கள், நானே ஓட்டிக்கொள்கிறேன் என்று எத்தனை தடவை கேட்டிருப்பாள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் வந்தது. அது செத்த வண்டி என்றான். பார்ட்ஸ் கிடைக்காது என்றான். எனக்கு வேலை இருக்கிறது என்றான். உனக்கெதற்கு வண்டி, எங்கே போக வேண்டும் சொல், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றான்.

இப்போது செத்த வண்டிக்கு உயிர் வந்துவிட்டது. கிடைக்காத பார்ட்ஸ் எல்லாம் கிடைத்துவிட்டன. லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு ஓய்வே கிடையாது என்று சொன்ன மனிதன், வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நேராக ஸ்கூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். டீ ஆறிப்போவதுகூடத் தெரியவில்லை.

முன்னறை ஜன்னல் வாசலைப் பார்த்து இருந்தது. மிஷினை எங்கே போட்டாலும் தைக்கலாம். ஆனால் வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த ஜன்னல் வழியாக எல்லாம் பார்த்தாள். சைலன்சரைக் கழற்றி உள்ளே அடைத்திருந்த கரியை இருவரும் சுரண்டியதைப் பார்த்தாள். பிஸ்டனுக்குப் புது வளையம் போட்டபோது சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலிண்டரைத் தாங்கியதைப் பார்த்தாள். எல்லாவற்றையும்விட, கார்பரேட்டருக்குள் பெட்ரோல் போகிற பொடித் துளையுள்ள அந்தக் குட்டி ஜெட்டை அவன் பெட்ரோலில் கழுவி, ஊதி, சூரியனுக்கு நேராகப் பிடித்து, அடைப்பு இருக்கிறதா பார் என்று சின்னவள் கண்ணுக்குக் கொண்டுபோனதைப் பார்த்தாள். நாள் முழுவதும் ஊசியில் நூல் கோக்கிற கண் இங்கே ஒன்று இருக்கிறது. அதைக் கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

"சின்னவளுக்கு நல்ல கண்ணு" என்று மாமியார் வேறு உள்ளே வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

பெரியவள் மிஷினை நிறுத்தவில்லை. பெடலை மட்டும் கொஞ்சம் வேகமாக மிதித்தாள்.

இன்று காலை கடைசி வேலை. எல்லாம் பூட்டியாகிவிட்டது. பெட்ரோல் ஊற்றி, வண்டியைக் கிளப்பி, சத்தத்தைக் கேட்டுக் கேட்டு ட்யூன் செய்ய வேண்டியதுதான் பாக்கி. நாளைக்குச் சின்னவள் வேலையில் சேர வேண்டும்.

இந்த மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு இன்ஜினில் தனியாக எண்ணெய் நிற்காது. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். கலக்க மறந்தால் கொஞ்ச தூரம் ஒன்றும் தெரியாது, நன்றாகவே ஓடும். பிறகு பிஸ்டன் காய்ந்து, சூடேறி, உள்ளேயே இறுகிவிடும். ஓடுகிற ஓட்டத்தில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ஒரு வழக்கம் இருந்தது. மாடிப்படிக்கு அடியில் ஒரே மாதிரி இரண்டு தகர டின்கள். ஒன்றில் வெறும் பெட்ரோல். வண்டிச் சாமான்களைக் கழுவ, துணியில் மிஷின் எண்ணெய்க் கறை பட்டால் பெரியவள் துடைக்க. மற்றதில் எண்ணெய் கலந்த பெட்ரோல். கலந்த டின்னின் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும்.

அந்தத் துணியைக் கட்டுகிறவள் பெரியவள். கல்யாணமான புதிதில், வண்டி ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் திடீரென்று கணவன் வந்து, கலந்த டின்னுக்கு அடையாளமாக ஏதாவது துணி கொடு என்று கேட்டான். அவள் தன் தையல் துண்டுகளில் நல்லதாகப் பார்த்துக் கிழித்துக் கொடுத்தாள். கிழிந்துபோனால் வேறு கட்டுவாள். வண்டி விஷயத்தில் அவன் அவளிடம் கேட்டு வாங்கியது அந்த ஒன்றுதான்.

காலையில் துடைப்பம் எடுக்க மாடிப்படிக்கு அடியில் குனிந்தவள் அப்படியே நின்றாள். டின்னின் கைப்பிடியில் ரோஸ் கலர் ரிப்பன். தலைக்குக் கட்டுகிற ரிப்பன், பூ மாதிரி முடிச்சுப் போட்டு.

பழைய சிவப்புத் துணி அழுக்கு உருண்டையாகக் கீழே கிடந்தது.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. டார்ச் பிடிக்கட்டும், ஜெட்டைப் பார்க்கட்டும், சிலிண்டரைத் தாங்கட்டும். இதுவும் வேண்டுமா? இத்தனூண்டு துணி கட்டுகிற வேலையும் இவளுக்கேவா?

டின்னைத் தூக்கிப் படியில் வைத்து ரிப்பனை அவிழ்த்தாள். சிவப்புத் துணியை உதறிக் கட்டப் பார்த்தாள். எண்ணெயில் ஊறி இற்றுப்போயிருந்த துணி கையோடு வந்துவிட்டது. உள்ளே போய் வேறு துண்டு எடுத்து வரலாம் என்று நினைத்தாள். அதற்குள் துடைப்பத்துக்கு இடைஞ்சலாக இருந்த மற்ற டின்னையும் தூக்கி அதன் பக்கத்தில் வைத்தாள்.

அந்த நேரம் வாசலிலிருந்து கணவன் குரல் கேட்டது.

"அந்த எண்ணெய் டின்னை எடுத்துட்டு வாம்மா."

சொன்னது அவளிடமில்லை. சின்னவளிடம். செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது.

கையில் ஓரகத்தியின் ரிப்பன். பார்த்தால் என்ன சொல்வது? இந்த வயதில் ரிப்பனுக்குச் சண்டை போடுகிறாள் என்று வீடே சிரிக்காதா? கைக்கு எட்டிய டின்னில் அவசரமாக ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுத் துடைப்பத்தோடு நிமிர்ந்தாள்.

"நீங்க எதுக்கு அக்கா இதையெல்லாம் தூக்குறீங்க, நான் வந்து பெருக்க மாட்டேனா?" என்றாள் சின்னவள். ரிப்பன் கட்டிய டின்னை எடுத்துக்கொண்டு போனாள்.

வாசலில் அவன் கார்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, ரிப்பன் இருந்தது, போதும். புனல் வைத்து நீயே ஊற்று என்றான். சின்னவள் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினாள்.

இரண்டு உதையில் வண்டி கிளம்பிவிட்டது.

"அவ கை ராசி அப்படி" என்றாள் மாமியார், பூண்டு உரித்துக்கொண்டே. பெரியவள் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் கையில் எந்த ராசியும் யாரும் கண்டதாக நினைவில்லை.

அவன் காதைச் சாய்த்துக்கொண்டு ஸ்க்ரூவை ஒரு மயிரிழை உள்ளே, ஒரு மயிரிழை வெளியே என்று திருகினான். விக்கலும் திக்கலுமாக இருந்த சத்தம் மெல்ல மெல்லச் சீராகிக் கடைசியில் ஒரே நிதானத்துக்கு வந்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. தனக்காக அந்தச் சிரிப்பு கடைசியாக எப்போது வந்தது என்று பெரியவள் ஜன்னலுக்குள் இருந்து கணக்குப் பார்த்தாள். கணக்கு நேராகவில்லை.

"பாத்தியா, புகையே இல்ல" என்று அவன் சின்னவளிடம் கத்திச் சொன்னான். "ட்யூனிங்னா இப்படி இருக்கணும்."

உண்மைதான். முன்பெல்லாம் இந்த வண்டியைக் கிளப்பினால் வாசலே நீலப் புகையாகிவிடும். அந்த எண்ணெய் நெடி துணியில் ஒட்டிக்கொள்ளும். பின்னால் உட்கார்ந்து போன நாட்களில் அந்த நெடி அவளுக்குப் பிடிக்கும். இன்று அது வரவில்லை. எதுவோ குறைகிற மாதிரி இருந்தது. பொறாமையில் எனக்கு மூக்கும் அடைத்துவிட்டதா என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு அவன் சின்னவளை வண்டியில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தான். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பார்க்கத்தான் முடிந்தது. இடது கைப்பிடியில் சின்னவளின் இரண்டு விரல்களை எடுத்து கிளட்ச் மேல் வைத்தான். விரல் நழுவியது. மறுபடி எடுத்து வைத்தான். ஏதோ அழுத்தி அழுத்திச் சொன்னான். அவள் தலையாட்டினாள். மூன்றாவது தடவையும் எடுத்து வைத்தபோது பெரியவள் தைத்துக்கொண்டிருந்த தையல் கோணிக்கொண்டு போயிற்று.

அவன் தப்பானவன் இல்லை. அவளும் தப்பானவள் இல்லை. இது பெரியவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? கற்றுக்கொடுக்கிற பொறுமை அவனுக்கு இருக்கிறது. அதை அவளுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

அவன் தன் பைக்கில் வேலைக்குக் கிளம்பிப் போனான். சின்னவள் புதுத் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். வேலை செய்யப்போகும் இடம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வரப் போகிறாளாம், நாளைக்குத் தடுமாறக் கூடாதே.

"நீங்களும் வாங்க அக்கா. பின்னாடி உக்காருங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்."

"எனக்கு வேலை இருக்கு" என்றாள் பெரியவள். சொன்ன பிறகுதான் அது யாருடைய பதில் என்று உறைத்தது.

வண்டி போயிற்று. தெருமுனை வரை அந்தச் சுத்தமான சத்தம் கேட்டது.

வக்கீல் ஒருவரின் வெள்ளைச் சட்டை அன்று மாலைக்குள் முடிய வேண்டும். மனம் எங்கோ இருக்க, மிஷினுக்கு எண்ணெய் விட்டதைத் துடைக்காமல் ஓட்டிவிட்டாள். காலர் பக்கத்தில் ஒரு சொட்டு. வெள்ளைத் துணியில் போய் விழ வேண்டுமா அது?

பரவாயில்லை, வெறும் பெட்ரோலைப் பஞ்சில் தொட்டு ஒற்றினால் தடம் தெரியாமல் போய்விடும். எத்தனையோ தடவை செய்ததுதான். மாடிப்படிக்கு அடியில் ரிப்பன் இல்லாமல் இருந்த டின்னை எடுத்து வந்து பஞ்சை நனைத்து ஒற்றினாள்.

கறை போகவில்லை. பரவியது. சொட்டாக இருந்தது ரூபாய்க் காசு அகலமானது. ஓரத்தில் மெல்லிய நீல வளையம்.

பஞ்சைப் பிழிந்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். வழுவழுவென்றது. பெட்ரோல் உலர்ந்த பிறகும் விரலில் பிசுக்கு இருந்தது. முகர்ந்தாள். காலையிலிருந்து காணாமல்போன நெடி இதோ இருந்தது, டின்னுக்குள்.

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எண்ணெய் கலந்தது இங்கே இருக்கிறது. அப்படியானால் வண்டியில் போனது வெறும் பெட்ரோல். புகை வராதது ட்யூனிங்கால் இல்லை.

போனை எடுத்துச் சின்னவளைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவனும் அவள் கணவன்தான். மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அடுத்துக் கணவன் எண் வரை விரல் போனது. எப்படி மாறியது என்று கேட்பானே? விரல் அங்கேயே நின்றது.

அப்போது ஒரு நினைப்பு வந்தது. இதை மறைத்து எழுதி அவளை நல்லவளாக்க எனக்கு மனமில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தால் என்ன? வண்டி எங்காவது இறுகி நின்றுபோகும். தள்ளிக்கொண்டு வருவார்கள். மறுபடி சாக்கைப் போர்த்தி மாடிப்படிக்கு அடியில் தள்ளுவார்கள். டார்ச்சும் இல்லை, ஜெட்டும் இல்லை. யாருக்கும் எதுவும் தெரியாது.

ஒரு கணம் மனது குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியைக் கண்டுதான் அவள் பயந்தாள்.

கை தானாக முழங்கைக்குப் போனது. அங்கே ஒரு தழும்பு, முழங்கையிலிருந்து பாதிக் கை நீளம். கல்யாணமான முதல் வருஷம் இதே வண்டியில் அவன் பின்னால் உட்கார்ந்து போனபோது இன்ஜின் இறுகி, சக்கரம் பூட்டிக்கொண்டு, அவளைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு போன தடம். பழைய வண்டி, பிஸ்டன் தேய்ந்துபோயிருந்தது என்று அவன் அப்போது சொன்னான். அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

காலையில் முடிச்சுப் போடும்போது எது எந்த டின் என்று நிஜமாகவே தெரியாதா உனக்கு என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. பார்க்க நேரமில்லை என்றாள். பார்க்க நினைத்தாயா என்றது. 

சட்டையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். பெட்ரோலில் கலக்கிற எண்ணெய் பாட்டிலை ஷெல்ஃபிலிருந்து எடுத்துக்கொண்டாள். எங்கே என்று கேட்ட மாமியாரிடம் நூல் வாங்க என்று சொல்லிவிட்டுத் தெருவில் வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். எங்கே போகணும் என்றார் ஆட்டோக்காரர். "ஒரு பச்சை ஸ்கூட்டர்" என்றாள். அவர் திரும்பி ஒரு மாதிரி பார்த்த பிறகுதான் சின்னவளின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வழி சொன்னாள்.

ரயில்வே பாலம் ஏறி இறங்குகிற சரிவில் ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது. நடைபாதை ஓரத்தில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். முழுசாக இருந்தாள். உள்ளங்கையில் மட்டும் சிராய்ப்பு. பெரியவள் ஆட்டோவை அனுப்பிவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சின்னவள் அழுதுகொண்டிருந்தாள். சரிவில் இறங்கும்போது வண்டி திடீரென்று இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுத்ததாம். பின்னால் லாரி வேறு. யோசிக்காமல் கிளட்சை அமுக்கிவிட்டாளாம். சக்கரம் இன்ஜின் பிடியிலிருந்து விடுபட்டு ஓரமாக உருண்டு வந்து நடைபாதையில் முட்டி நின்றதாம்.

"மாமா விரலை எடுத்து எடுத்து வெச்சாரில்ல, அதான் அக்கா. வண்டி இறுகினா ஒண்ணும் யோசிக்காத, ரெண்டு விரலையும் அமுக்கிடுன்னு சொல்லிட்டே இருந்தாரு. இல்லைன்னா லாரிக்குக் கீழதான்."

பெரியவள் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்குள்ளிருந்து வயிறெரிந்து பார்த்த அந்த மூன்று தடவைகளும் வரிசையாக வந்து நின்றன.

"நான்தான் வேகமாப் போயிட்டேன் போல. மாமா எவ்ளோ கஷ்டப்பட்டாரு. அவர்கிட்ட எப்படிச் சொல்றது? நாளைக்கு வேலைக்குப் போகணுமே..." என்று அடுக்கிக்கொண்டே போன சின்னவள் சட்டென்று நிறுத்தினாள். அவள் பார்வை பெரியவளின் கைக்குப் போனது.

"அக்கா, எண்ணெய் பாட்டில் எதுக்குக் கொண்டு வந்தீங்க?"

ரோட்டில் ஒரு பஸ் போனது.  நூல் வாங்க வந்தேன் என்று சொல்ல இது மாமியார் இல்லை.

"டின் மாறிப்போச்சு. வண்டியில எண்ணெய் கலக்காத பெட்ரோல்தான் இருக்கு."

"நான் பாத்துத்தானே ரிப்பன் கட்டினேன்."

"நீ சரியாத்தான் கட்டின. நான்தான் அவுத்தேன். நீ வர சத்தம் கேட்டு அவசரத்துல மாத்திக் கட்டிட்டேன்."

"எதுக்கு அவுத்தீங்க?"

"அந்த டின்னுல உன் ரிப்பனைப் பாக்க எனக்குப் பிடிக்கல."

சொல்லியாகிவிட்டது. கேட்கச் சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தது. உண்மை அவ்வளவுதான், அதற்கு மேல் அதை அலங்கரிக்க அவளால் முடியவில்லை. நீ இல்லாத வீடாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று இந்தப் பதினைந்து நாளில் நினைத்திருக்கிறேன் என்றும் சொன்னாள். நான் கேட்டு வருஷக்கணக்காகச் செய்யாததை நீ கேட்டதும் செய்தார் என்றும் சொன்னாள்.

சின்னவள் கையிலிருந்த சிராய்ப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தால் தேவலை என்று பெரியவளுக்கு இருந்தது.

"நான் கேக்கவே இல்லியே அக்கா" என்றாள் கடைசியில். "நீங்க ஊருக்குப் போயிருந்தப்போ நானே சாக்கை எடுத்துப் போட்டு வண்டியை வெளிய இழுத்தேன். யூட்யூப் பாத்து ஒரு ஸ்க்ரூவைக் கழட்டினேன். மாமா ஓடி வந்து திட்டினாரு. இதைத் தொடாத, இது ஆளைக் கொல்ற வண்டின்னு. நான் கேக்கல. நீங்க சொல்லித் தரலைன்னா நான் தப்பாக் கழட்டுவேன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் உக்காந்தாரு."

பெரியவள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு நாளாவது அந்தச் சாக்கை எடுத்துப் போட அவளுக்குத் தோன்றியதில்லை.

"ஆளைக் கொல்ற வண்டின்னாரா? எதுக்கு அப்படிச் சொன்னாரு?"

சின்னவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் முழங்கையைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று முகத்தில் ஓடியது தெளிவாகத் தெரிந்தது.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"சொல்லு."

"அன்னிக்கு நீங்க விழுந்தீங்கள்ல. எண்ணெய் கலக்க மாமாதான் மறந்துட்டாராம். வண்டி இறுகினப்போ கையும் கிளட்சுக்குப் போகலையாம். அதுக்கப்புறம்தான் அந்தச் சிவப்புத் துணியாம். உங்களை மறுபடி அந்த வண்டிகிட்டயே விடக் கூடாதுன்னு இருந்தாராம்."

பாலத்தின் மேல் காற்று அடித்தது. பெரியவள் தழும்பைத் தடவவில்லை, மறைத்துக்கொண்டாள். பிஸ்டன் தேய்ந்த கதையை இத்தனை வருஷம் அவள் யாரிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். அவன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

தனக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்தால்தான் வண்டியைத் தரவில்லை என்று தெரிந்தால் ஒரு பெண்டாட்டிக்கு மனது நிறைய வேண்டும். நிறைந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அடுத்த நொடியே அது கசந்தது. என் கையில் இருக்கிற தழும்பின் கதை என்னிடம் சொல்லப்படவில்லை. பதினைந்து நாள் டார்ச் பிடித்தவளிடம் சொல்லப்பட்டிருக்கிறது. ஜெட், கிளட்ச், சிரிப்பு எல்லாவற்றையும் அவள் விட்டுக்கொடுத்துவிடுவாள். இதை எப்படி விடுவாள்?

"எந்திரி" என்றாள். "தள்ளிக்கிட்டுப் போவோம்."

வண்டி சூடு ஆறியிருந்தது. சின்னவள் கிக்கரைக் கையால் மெல்ல அமுக்கிப் பார்த்தாள். முழுசாகச் செத்துவிடவில்லை, கொஞ்சம் அசைந்தது. ஹேண்டிலைச் சின்னவள் பிடித்துக்கொள்ள, பின்னால் பெரியவள் தள்ளினாள்.  பாலம் ஏறும்போது சின்னவள் திரும்பாமலே சொன்னாள்.

"நானே வேகமாப் போயிட்டேன்னு சொல்லிடறேன் அக்கா. ரிப்பன் கதை வேணாம்."

உண்மையிலேயே நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுவும் பெரியவளுக்குக் குத்தியது. மன்னிக்கிற இடத்திலும் இவளேவா நிற்க வேண்டும்?

வாசலில் கணவனின் பைக் நின்றுகொண்டிருந்தது. முதல் ஓட்டம் எப்படி இருந்தது என்று கேட்கிற ஆசையில் சாப்பாட்டு நேரத்துக்கே வந்துவிட்டான். தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் அவன் முகம் விழுந்துவிட்டது. படி இறங்கி ஓடி வந்தான். சின்னவளின் கையைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், கிக்கரை உதைத்துப் பார்த்தான், ஸ்பேனரைக் கையில் எடுத்தான். வளையம் போட்டதில்தான் தப்பு, இடைவெளி விட்டது போதவில்லை, எல்லாம் என் தப்புதான் என்று தானாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

"இல்ல மாமா, நான்தான் வேகமா..." என்றாள் சின்னவள்.

ஒருவர் பழியை மற்றவர் போட்டி போட்டுக்கொண்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பழியாவது எனக்கு இருக்கட்டும் என்று தோன்றியது பெரியவளுக்கு. எண்ணெய் பாட்டிலைப் படியில், அவன் கண்ணுக்கு நேராக வைத்தாள்.

"எண்ணெய் இல்லாம ஓடியிருக்குங்க. டின்னை மாத்தி வெச்சது நான். பொறாமையில செஞ்சேன்."

அவன் ஒன்றும் புரியாமல் பாட்டிலைப் பார்த்தான். அவள் முந்தானையை விலக்கி முழங்கையை வெளியே எடுத்தாள்.

"இந்தத் தடவை நீங்க இல்ல. நான்."

அவன் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது அவனுக்கு மெல்லப் புரிந்தது. இத்தனை வருஷமாக மென்று விழுங்கிய ஒன்றுக்கு இப்போது அவன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

நிமிர்ந்தான். ஆனால் அவன் கண் முதலில் போனது சின்னவளிடம்தான்.

அதையும் பெரியவள் பார்த்தாள்.